யாருக்கென்று நடப்பது

1974 ஜூன் 12, புதன்

காற்று இன்றும் நிற்கவில்லை. குசினியில் சோற்றுப் பானையைத் திறந்தால் மணல், தலையணையில் மணல். கன்னியர் மடத்தில் நான் பின்னிக்கொண்டிருக்கிற பீடத் துணியின் லேசில்கூட மணல் ஏறி நூல் பழுப்பாகிவிட்டது. சிஸ்டர் அந்த ஓரத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தேன். பிரிக்கிற வேலை எனக்குப் பிடிக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பு நோட்டில் பாதிக்கு மேல் வெறும் பக்கம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அது சும்மா கிடந்தது. இனி இதில் எழுதலாம் என்று எடுத்திருக்கிறேன். பதினாறு வயதில் நோட்டோடுதான் பேசுகிறாள் என்று யாராவது சிரிப்பார்களோ? சிரித்தால் சிரிக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

சாயங்காலம் செபமாலை. அம்மா சொல்ல, நான் பதில் சொல்ல, வீட்டில் இரண்டே குரல். மணியெல்லாம் முடிந்த பிறகு புன்னைக்காயலில் எல்லா வீட்டிலும் இரண்டு மன்றாட்டு உண்டு. முதலாவது, கடலில் போயிருக்கிறவர்களுக்காக. இரண்டாவது, செத்த பிறகு தண்டனை தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாக்களுக்காக. முதலாவது மன்றாட்டில் அம்மா இன்றும் சேர்த்துக்கொண்டாள்: "எங்க வீட்டு ஆளு சுகமாக் கரை சேர." அப்பாவின் பெயர் செபாஸ்டின். அம்மா அதைச் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது.

அப்பா போன தோணி தூத்துக்குடியில் ஓடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்தது. மழைக்கு முந்தின கடைசி நடை. இந்த ஐப்பசி வந்தால் இரண்டு வருஷம். கொழும்புக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. அந்தத் தோணிக்கு அடித்த பச்சை வண்ணத்தில் ஒரு பலகை மட்டும் மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது. கூடப் போனவர்கள் வீட்டிலெல்லாம் மரித்தோர் பூசை வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வைக்கவில்லை. அம்மா கலர்ச் சேலைதான் உடுத்துகிறாள். தாலியும் கழுத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

சாமியார் இன்று பரிசுத்த ஆண்டைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிறதாம். அடுத்த வருஷம் ரோமாபுரியில். அதற்கு முன் இந்த வருஷம் அவரவர் ஆயருடைய மேற்றிராசனத்திலேயே. "ரோமாபுரிக்கு நம்மில் யார் போகப் போறோம்? தூத்துக்குடிக்கு நடக்கலாம்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

செப்டம்பரில் மாதா பிறந்த நாளுக்கு ஊரே சேர்ந்து நடக்க வேண்டும். அங்கே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காக வேண்டிக்கொண்டால் பரிபூரண பலன் கிடைக்கும். பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் அனுபவித்துத் தீர்க்க வேண்டிய தண்டனை உண்டே, அது மொத்தமும் அற்றுப்போகும். அந்தப் பலனை நடக்கிறவர் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். அல்லது இறந்துபோன ஓர் ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடு இருக்கிற இன்னொருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. அவரவர் தண்டனைக்கு அவரவர்தான் நடக்க வேண்டும்.

வழக்கும் பகையுமாக இருக்கிறவர்கள் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்றும் சொன்னார். அப்போது முன்வரிசையில் இருந்த பிலோமினா அத்தை திரும்பிப் பார்த்தாள். அம்மாவை அல்ல. என்னை.

ஜூன் 17, திங்கள்

மடத்தில் இருந்து வரும் வழியில் அத்தை கூப்பிட்டாள். அப்பாவுக்கு மூத்தவள். அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஊரில் பிரசவம் பார்க்கிறதும் அவள்தான். அடுத்த தெருவில்தான் வீடு. ஆனாலும் அம்மாவும் அவளும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷம் அத்தை, அம்மாவிடம் கேட்காமலே, அப்பாவுக்கு மரித்தோர் பூசை சொல்லிவிட்டாள். பீடத்தில் அப்பா பெயரைச் சாமியார் வாசித்ததும் அம்மா எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நடுப்பூசையில் வெளியே வந்துவிட்டாள். அன்று முதல் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சுவரைப் பார்க்கிற மாதிரிதான்.

அத்தை முழங்காலைக் காட்டினாள். வீங்கியிருந்தது.

"கோயில் படியே ஏற முடியல. தூத்துக்குடிக்கு நான் எங்கன நடக்க? நீ நடளா. நடந்து உங்கப்பனுக்குக் குடு. அவன் அங்கன வெந்துகிட்டுக் கெடக்கான். எடுத்து விட ஒரு ஆளு இல்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிதானளா?"

தலை ஆடியது. நான் ஆட்டினேனா? அதுவாக ஆடுகிறது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், புரியாத கணக்குக்கும் தலையாட்டிவிட்டு வந்து உட்காருவேன்.

ஜூன் 19, புதன்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெருக்குழாயில் தெரியாதது எது? வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மைனி உங்கிட்ட என்ன சொன்னாவன்னு நான் கேக்கல. நடக்கணும்னா நட. உனக்குன்னு நட. அங்கன போயி அவிய பேரைச் சொன்னேன்னு வையி, நீயே அவியளக் கடல்ல புடிச்சித் தள்ளுன மாதிரி."

பிறகு, "உனக்குன்னுதான?" என்றாள்.

தலையாட்டினேன்.

ஜூன் 20

இரண்டு பேருக்கும் தலையாட்டியிருக்கிறேன். இருப்பது ஒரு தலை.

ஜூன் 30, ஞாயிறு

காற்றில் சாய்ந்த வேலியைக் கட்டிக் கொடுக்க ஹென்றி மாமா வந்தார். ஊரில் அவருக்கு 'செத்த ஹென்றி' என்றுதான் பெயர். நான் பிறப்பதற்கு முன்னால் அவர் போன தோணி பாய்மரம் முறிந்து மாலத்தீவுப் பக்கம் ஒதுங்கிவிட்டது. அவர் ஊர் திரும்பும்போது மூன்று வருஷம் போயிருந்தது. அதற்குள் அவருக்குப் பூசை, மெழுகுதிரி, வீட்டில் வெள்ளைச் சேலை எல்லாம் ஆகியிருந்தது.

அவர் வந்தால் அம்மா நல்ல தேயிலை போடுவாள். அவர்தான் அம்மாவுக்குச் சாட்சி. இன்றும் அவர் அம்மாவிடம் சொன்னார்: "எனக்குப் பூசையெல்லாம் முன்னாலயே ஆயிட்டு விக்டோரியா. நான் செத்தா நேரே மேலதான். நடுவுல எந்த ஸ்டாப்புலயும் எறங்க மாட்டேன்." அம்மா சிரித்தாள். அவர் வருகிற அன்றுதான் சிரிக்கிறாள்.

வெளியே அவர் ஓலையைக் கட்ட, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிக் கேட்டேனென்று தெரியவில்லை. உங்களுக்கு வைத்த பூசையின் பலன் எங்கே போயிருக்கும் என்று கேட்டுவிட்டேன்.

"அட, நீயும் பேசுவியா?" என்றார். "அப்ப இருந்த சாமிகிட்ட நானும் இதத்தான் கேட்டேன். நெனைக்க ஆளில்லாத ஆத்துமா எதுக்காவது போயிருக்கும்னாரு. எவனோ ஒருத்தன் எம்பேரச் சொல்லி மேல ஏறிட்டாம்ளா."

முடிச்சை இறுக்கிவிட்டு அடுத்த ஓலையை எடுத்தார்.

"நான் வந்து நின்னப்ப எம்பொண்டாட்டி சந்தோசப்படல. பயந்துட்டா. அழுது முடிச்சிருந்தா, பாரு. எம்மூஞ்சப் பாத்துச் சிரிக்க அவளுக்கு ஒரு வருசம் ஆச்சு." பிறகு, குரலைத் தாழ்த்தி: "உங்கம்மா இன்னும் அழத் தொடங்கவே இல்ல."

அம்மா தேயிலையோடு வருகிற சத்தம் கேட்டதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

தெற்குத் தெருவில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்து நீலம் பாரித்துவிட்டதாம். செத்துவிடுமோ என்று அத்தையே அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்று கோயிலுக்குக் கொண்டு வந்தார்கள். மெழுகுதிரி பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

வார்த்தையெல்லாம் சரியாகச் சொன்னாயா என்று சாமியார் அத்தையைக் கேட்டார். ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கிய அத்தைக்கு முகம் வெளுத்துப்போனது. "தண்ணி ஊத்துனது நெனவிருக்கு சாமி. பிதா சுதன்னு சொன்னேனா, 'ஐயோ மாதாவே'ன்னு மட்டும் கத்துனேனான்னு தெரியல. பிள்ள நீலமாக் கெடந்துச்சு."

சாமியார் கோபப்படவில்லை. குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது இப்படித் தொடங்கினார்: "நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால், நான் உனக்கு..."

திரியை நேராகப் பிடிக்க மறந்துவிட்டேன். மெழுகு விரலில் விழுந்தது. சுட்டது பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 15

பெறாதிருந்தால்.

அப்படியென்றால், இன்னதென்று தெரியாமலும் கொடுக்கலாம். கோயிலே அப்படிக் கொடுக்கிறது. தெரியாது என்பதற்கும் ஒரு செபம் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்குச் சரி. பலனுக்கும் அப்படிச் சொல்லலாமா? யாரைக் கேட்பது? நம் சாமியாரைக் கேட்டால் அம்மாவுக்கும் அத்தைக்கும் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் என்னால் கேட்க முடியாது. கடையில் அண்ணாச்சியிடம் வெல்லம் கேட்கவே எனக்குக் குரல் வருவதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

தூத்துக்குடியில் மாதா திருநாள். கொடி கட்டிப் படகு படகாகப் போனார்கள். அம்மா போகவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஒண்ணும் தெரியலயா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசை முடிந்ததும், நடக்கப் போகிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் சாமியார். நின்றேன். அம்மா நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை திரும்பிப் பார்த்தாள். இரண்டு முகத்திலும் நிம்மதி.

செப்டம்பர் 6, வெள்ளி

அம்மா புளிச்சோறு கிண்டி வாழையிலையில் கட்டினாள். என் பாதத்தில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள். கூச்சமாக இருந்தது, காலை இழுத்துக்கொண்டேன். "சும்மா இரு" என்று மறுபடி பிடித்துத் தேய்த்தாள்.

அத்தை ஒரு ஆள் வழியாக நீளமான மெழுகுதிரி ஒன்று அனுப்பியிருந்தாள். அம்மா அதைப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. ஒடியாமல் இருக்க என் தாவணி மடிப்புக்கு நடுவில் வைத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

செப்டம்பர் 7, சனி. தூத்துக்குடி

பள்ளிக்கூட வராந்தாவில் பெண்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சில் வைத்து எழுதுகிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. பெருவிரலில் கொப்புளம்.

விடியுமுன் ஆற்றைப் படகில் கடந்தோம். பழையகாயல் தாண்டும்வரை பாட்டுப் பாடினார்கள். வெயில் ஏற ஏறப் பாட்டு நின்று செபமாலை மட்டும் ஓடியது. அதுவும் நின்றது. முள்ளக்காட்டுக்குப் பக்கம் இரண்டு பக்கமும் உப்பளம், கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அங்கே எதிரில் திருச்செந்தூருக்கு நடந்து போகிற கூட்டம் ஒன்று வந்தது. பச்சை வேட்டி, பச்சைச் சேலை, ஆற்றுக்கரை வயல் ஊர்க்காரர்கள். ஒரே மரந்தான் நிழலுக்கு. இரண்டு கூட்டமும் அதன் அடியில்தான் உட்கார்ந்தோம். ஒரு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொள்ளத் துணி கிழித்துக் கொடுத்தாள்.

"யாருக்குத்தா நேர்ச்ச?" என்று கேட்டாள்.

துணியைக் காலில் சுற்றிக் கட்டினேன். யாருக்கென்று எனக்கே தெரியவில்லை. அவளோ தன் மகனுக்கு என்று உடனே சொன்னாள். அவளுக்கு எவ்வளவு எளிதாக வந்தது.

இங்கே கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் பல வரிசை. எங்கள் ஊர்க்காரர்கள் எங்கள் சாமியாரிடம் போனார்கள். நான் யாரென்று தெரியாத ஒரு வயதான சாமியாரின் வரிசையில் நின்றேன். மூக்குப்பொடி வாசனை. தட்டி ஓட்டை வழியாக அவர் காது மட்டும் தெரிந்தது.

"ரெண்டு பேருக்குப் பொய்யாத் தலையாட்டுனேன் சாமி" என்று தொடங்கினேன். எதற்கு என்று கேட்டார். பிறகு லேஸ் பிரிகிற மாதிரி எல்லாம் வந்துவிட்டது. தோணி, பச்சைப் பலகை, அம்மா, அத்தை, நீலமான குழந்தை. கடைசியில் கேட்டேன். ஞானஸ்நானத்துக்குச் சொல்கிற மாதிரி, அப்பா இறந்திருந்தால் என்று சொல்லி இந்தப் பலனை ஒப்புக்கொடுக்கலாமா?

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சாமி."

"பின்னால கூட்டம் நிக்கி" என்று முணுமுணுத்தார். போகச் சொல்கிறாரோ? எப்போதும் போல எழுந்து வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்திருக்கவில்லை. முழங்கால் எரிந்தது. பின்னால் யாரோ வேண்டுமென்றே இருமினார்கள். அப்படியே இருந்தேன்.

மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "புஸ்தகத்துல இருக்கா இல்லையான்னு எனக்கு நெனவு இல்ல. சொல்லு. தெரியாதத தெரியாதுன்னு சொல்லிக் குடுத்தா ஆண்டவர் திருப்பி அனுப்ப மாட்டாரு."

பாவத்துக்கு அபராதமாக என்ன செபம் சொல்லச் சொல்வாரென்று காத்திருந்தேன்.

"மந்திரம் ஒண்ணும் வேண்டாம். தலையாட்டுன ரெண்டு பேருகிட்டயும் போயி, என்ன செஞ்சேன்னு வாயத் தொறந்து சொல்லு. அதான் உனக்கு அபராதம்."

அதற்குப் பதில் புன்னைக்காயலுக்கு முழங்காலில் போ என்று சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நன்மை வாங்கினேன். பாப்பரசரின் கருத்துக்காக வேண்டினேன். அது என்ன கருத்து என்று தெரியாது. தெரியாமலே கொடுக்கிறது எனக்கு இப்போது பழகிவிட்டது. அத்தையின் திரியைக் கொளுத்திவிட்டு, எனக்கே கேட்கும்படி வாயால் சொன்னேன்:

"அப்பா இறந்திருந்தால் இது அப்பாவுக்கு. இறக்காதிருந்தால், நினைக்க ஆளில்லாத ஓர் ஆத்துமாவுக்கு."

ஹென்றி மாமாவின் பூசை போன இடம்தான் நினைவுக்கு வந்தது. எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அதில் ஒன்றும் குறைந்த மாதிரி இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

முதலில் அத்தை. வாசலிலேயே நின்று சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது.

அத்தைக்குக் கோபம். "பாதியாக் குடுத்துட்டு வந்திருக்க? 'இருந்தால்' என்னளா இருந்தால்? எந்தம்பி என்ன கடைச் சரக்கா, 'இருந்தால் குடுங்க'ன்னு கேக்க?" ஓடிவிடலாம் போல் இருந்தது. அத்தை நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"அப்ப அவன் செத்திருந்தா, அவனுக்குத்தான போயிருக்கும்?"

"ஆமா அத்தை."

"முழுசா?"

"முழுசா."

அவளுக்குத்தான் சந்தேகமே இல்லையே. கட்டிலில் உட்கார்ந்து, வீங்கின முழங்காலைத் தடவிக்கொண்டே, "அப்ப போயிட்டான்" என்றாள். "கரை ஏறிட்டான் எம்புள்ள." தம்பியை அவள் பிள்ளை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 10

அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

இன்றும் சொல்லவில்லை. அபராதம் தீராமல் இருந்தால் பலன் நடுவழியில் நிற்குமா? கதவு வரைக்கும் வந்து அப்பா வெளியே நிற்கிறாரா, என் வாய் திறக்கட்டும் என்று? சீ, என்ன நினைப்பு இது. ஆனால் விட மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 14, சனி

சொல்லிவிட்டேன்.

அம்மா குசினிக்குப் பின்னால் மீன் உரசிக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெரியாமல் இருக்க முதுகுப் பக்கம் நின்றேன். நீ சொன்ன மாதிரி எனக்கென்று நடக்கவில்லை அம்மா, இப்படிச் சொன்னேன் என்று அந்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். 'இறந்திருந்தால்' என்றதும் கத்தி நின்றது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அடிப்பாளோ? அடித்ததே இல்லை.

"ரெண்டாவதா சொன்னத மொதல்ல சொல்லு" என்றாள்.

"இறக்காதிருந்தால், நினைக்க ஆளில்லாத ஓர் ஆத்துமாவுக்கு."

"இன்னொரு தடவ."

சொன்னேன். முதல் வாக்கியத்தை மறுபடி கேட்கவில்லை. கத்தி ஓடத் தொடங்கியது. செதில் வெகுதூரம் தெறித்தது.

சாயங்காலம் செபமாலையில் எப்போதும் போலத்தான் சொன்னாள். எங்க வீட்டு ஆளு சுகமாக் கரை சேர.

செப்டம்பர் 29, ஞாயிறு

அம்மா என்னோடு அதிகம் பேசுவதில்லை. கோபம் இல்லை. கோபம் என்றால் பாத்திரத்தில் தெரியும். பாத்திரம் சத்தமில்லாமல்தான் இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஐப்பசி பிறந்துவிட்டது. காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது. அப்பா போய் இரண்டு வருஷம். அம்மா பெட்டியைத் திறந்து அப்பாவின் சட்டைகளை வெயிலில் காயப் போட்டாள். போன வருஷமும் செய்தாள். பூஞ்சை பிடித்தால் வந்து எதைப் போடுவார் என்று அப்போது சொன்னாள். இந்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை.

மடிக்கும்போது திடீரென்று கேட்டாள்.

"அந்த ஆளில்லாத ஆத்துமா. அது யாரா இருக்கும்?"

தெரியாது என்றேன்.

"அதுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பாளே" என்றாள். "அவ ஏன் நெனைக்காமப் போனா? செத்துட்டான்னு யாரும் அவகிட்டச் சொல்லலயோ?"

சட்டையை நெஞ்சோடு வைத்து அதன் கையை மடித்தாள். மடித்த கை அவளைக் கட்டிப் பிடித்த மாதிரி இருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

மழை விட்டிருந்தது. சாயங்காலம் ஊரே கல்லறைத் தோட்டத்தில். மேட்டுக்கு மேடு பூவும் மெழுகுதிரியும். கடலிலேயே போய்விட்டவர்களுக்கு மேடு கிடையாது. அவர்களுக்கென்று நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் வைப்பார்கள். மெழுகு உருகி உருகி அந்த அடி வெள்ளையாகக் கட்டிப்போய் இருக்கும்.

நான் அத்தையோடு அங்கே நின்றேன். அம்மா வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். கலர்ச் சேலை. கையில் ஒரு மெழுகுதிரி, கொளுத்தாமல். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார்கள்.

அத்தையும் பார்த்தாள். எரிகிற திரியைக் கையால் மறைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கூட்டத்துக்கு நடுவில் இருவரும் என்ன பேசப் போகிறார்கள்?

"உள்ள வாரியா?" என்று அத்தை கேட்டாள்.

அம்மா மாட்டேன் என்று தலையை அசைத்தாள்.

"சரி, வர வேண்டாம். நான் வெளிய நிக்கேன்."

கேட்டைத் தாண்டி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தன் திரியைச் சாய்த்து அம்மாவின் திரியைக் கொளுத்தினாள். காற்றில் இரண்டு தடவை அணைந்துவிட்டது. மூன்றாவது தடவை இரண்டு பேரும் சேர்ந்து கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"முட்டு எப்படி இருக்கு மைனி?" என்று அம்மா கேட்டாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது.

நவம்பர் 4, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை.

அம்மா போய் அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். செபமாலைக்கு மூன்று குரல். மணி முடிந்தது. கடலில் போயிருக்கிறவர்களுக்காக என்று அம்மா முதல் மன்றாட்டைத் தொடங்கினாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள், எப்போதும் வருகிற வார்த்தை வரும் என்று. வரவில்லை. அப்பாவைச் சேர்க்காமலே அம்மா அந்த மந்திரத்தை முடித்தாள். அப்படியானால் இரண்டாவதில் சேர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதையும் தொடங்கவில்லை. சிலுவையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு சொன்னாள்:

"செபாஸ்டின் எங்கன இருந்தாலும், அங்கன."

அம்மா வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. புதிதாக ஒரு ஆளைச் சொல்கிற மாதிரி இருந்தது. அத்தை நிமிர்ந்தாள். எந்த ஸ்தலம் என்று கேட்கவில்லை.

அம்மா, "பரமண்டலங்களிலே" என்று தொடங்கினாள். அதற்கு மேல் போகவில்லை. முதலில் விக்கல் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருஷமாக இல்லாத அழுகை. அத்தை அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

செபத்தைப் பாதியில் விடக் கூடாது. மந்திரம் சொல்ல வேறு யாரும் இல்லை. நான் இதுவரை பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் இருந்து தொடங்கினேன். அதை முடித்துவிட்டு, ஆத்துமாக்களுக்கான மன்றாட்டையும் நானே சொன்னேன். அத்தை பதில் சொன்னாள். இப்போது எங்கள் வீட்டில் மன்றாட்டு மூன்று.

இன்று காலையில் குழாயடிக்குப் போகும்போது ஹென்றி மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். "நேத்து உங்க வீட்டுல மந்திரம் சொன்னது யாருளா? கரை வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

"நாந்தான் மாமா" என்றேன்.